நான் பாதியாக்கிய மாத்திரை

என் மனைவிக்கு லூபஸ் நோய் என்று தெரிந்த அன்று மதுரை டாக்டரம்மா சொன்னதில் ஒரு வார்த்தைதான் என் மண்டையில் ஏறியது. "இந்த மாத்திரை எதிர்ப்பு சக்தியக் குறைக்கும்." கொரோனாவுக்குப் பயந்து ஊரே கஷாயம் குடித்து எதிர்ப்பு சக்தியை ஏற்றிக்கொண்டிருந்த நேரம். இருப்பதையும் குறைக்க ஒரு மாத்திரையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குறைப்பதே எனக்கு ஆகாது. பரளச்சிப் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டில் பருத்தி நெருக்கமாக முளைத்தால், இடத்துக்கு ஒரு செடியை விட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். முளைத்ததைப் பிடுங்க எனக்குக் கை வராது. அவள்தான் பிடுங்குவாள். "இருக்குற ஈரம் கொஞ்சம். எல்லாத்தையும் விட்டா எது காய்க்கும்?" என்பாள்.

அவளுடைய மாத்திரை டப்பாவை வாரம் ஒருமுறை நான்தான் நிரப்புவேன். நாளுக்கு இரண்டு என்று எழுதியிருந்ததைச் சொல்லாமல் ஒன்றாக்கினேன். அருப்புக்கோட்டையில் வாங்கிய சத்துப்பொடியைப் பாலில் கலக்கிக் கொடுத்தேன். பெரிய வைத்தியன் என்று நினைப்பு.

மூன்றாம் மாதம் அவள் காலும் முகமும் வீங்கின. மதுரைக்கு ஓடினோம். சிறுநீரகம் கெட்டிருந்தது.

"கிருமிய எதிர்க்க எலும்பு மஜ்ஜையில பி செல்லுன்னு ஒரு வகை வெள்ளை அணு தினமும் புதுசா உருவாகும்" என்றார் டாக்டரம்மா. "அது உயிரோட இருக்க உடம்பு ஒரு சத்தை அளவாத்தான் குடுக்கும். சொந்த உடம்பையே தாக்குற செல்லுக்கு அது கூடுதலா வேணும், கிடைக்காம செத்துரும். இவங்களுக்கு அந்தச் சத்து கூடிப்போச்சு. சாக வேண்டியது சாகாம சிறுநீரகத்தைத் தாக்குது. அதை அடக்கத்தான் மாத்திரை. ஒழுங்கா சாப்பிட்டாங்களா?"



"நாந்தான் அப்பப்ப மறந்துட்டேன், டாக்டர்" என்றாள் அவள். டாக்டரம்மா அவளை நன்றாக வைதார். நான் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றேன். சீ, நானும் ஒரு மனுஷன்!

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "ஒனக்குத் தெரியுமா?"

"ரெண்டு ஒண்ணானா தெரியாதாக்கும்? டாக்டர்ட்ட கேட்டுத்தான் குறைச்சிருப்பீகன்னு முழுங்கினேன்."

அவள் என்னை நாலு வார்த்தை வைதிருந்தால் தாங்கியிருப்பேன். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

டப்பாவை இப்போது அவளே நிரப்புகிறாள். இந்த மழைக்கும் பருத்தி நெருங்கி முளைத்தது. அவளால் குனிய முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்து கை காட்டுகிறாள். ஒவ்வொரு செடிக்கும் அவளைக் கேட்டுவிட்டுத்தான் பிடுங்குகிறேன்.