கழுவி வந்த கையுறைகள்

தாராவிக்கு வந்த புதிதில் செல்வமேரி முதலில் அடித்தது தன் புருஷன் ஆபிரகாமைத்தான். கல்யாணமான நாளிலிருந்து குடித்துவிட்டு வந்து அவளை மிதித்துக்கொண்டிருந்தவன் அவன். ஒருநாள் பம்ப் ஸ்டவ்வைத் தூக்கி அவன் முழங்காலில் போட்டாள். அதற்குப் பிறகு குடித்த நாட்களில் அவன் டோம்பிவிலியில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். குழாயடியில் அவள் குடத்தை எட்டி உதைத்த ஒருத்திக்கு உதடு கிழிந்தது. செல்வமேரி வள்ளியூர்ப் பக்கத்துக்காரி; அடி வாங்கியே வளர்ந்தவள். எதிரில் ஒரு கை ஓங்கினால் அவள் கை தானாக எழுந்துவிடும்.

எண்பத்தாறாம் வருஷம் அவள் கணேசபாண்டியனின் பட்டறையில் வேலை பார்த்தாள். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற பிரஷ் செய்யும் பட்டறை. தகரக் கூட்டுக்குள் நைலான் முடியைச் செருகி, அடியில் எபாக்சி பசை ஊற்றி இறுக வைக்க வேண்டும். பசை இரண்டு டப்பாவில் வரும். ஒன்றில் தேன் மாதிரி பிசின். மற்றதில் அதை இறுகவைக்கிற, மீன் நாற்றம் அடிக்கிற ஹார்டனர். அது தோலில் பட்டால் வெந்துபோகும்.

கணேசபாண்டியன் கையுறை கொடுக்காமல் இல்லை. சாக்குச் சாக்காகவே இறக்கினார். ஆஸ்பத்திரிக் குப்பையில் கிடக்கும் ரப்பர் கையுறைகளைப் பொறுக்கி, கழுவி, பவுடர் தூவி விற்கிறவர்களிடம் வாங்கியது அது.

மழைக்காலத்தில் ஒரு காலை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சைனப் கையுறைக்குள் விரலை விட்டவள் வீறிட்டு உதறினாள். கடையநல்லூர்ப் பெண், கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"அக்கா, உள்ள ரத்தம். காஞ்சி ஒட்டியிருக்கு."

"கழுவுனதுதாம்டி. போட்டுட்டு வேலையப் பாரு" என்றார் கணேசபாண்டியன்.

அவள் போட்டுக்கொண்டாள். கட்டைவிரல் பக்கம் ஓட்டை இருந்தது யாருக்கும் தெரியவில்லை. வாரம் முடிவதற்குள் அவள் விரல்கள் கொப்பளித்துத் தோல் உரிந்தது. முகம் வீங்கிக் கண்கள் மூடிக்கொண்டன.

செல்வமேரி சாக்கிலிருந்து ஒரு கையுறையை எடுத்துத் தண்ணீர் பிடித்தாள். பல இடங்களில் பீய்ச்சி அடித்தது. அதை மடித்துக்கொண்டு மாட்டுங்காவுக்குப் போனாள். அங்கே ஆஸ்பத்திரிச் சாமான் கடை வைத்திருந்த வெங்கடேஸ்வரன் அதைத் தொடவே மறுத்தார்.

"இது ஒரு தடவை போட்டுட்டுத் தூக்கி எறியறதும்மா. கழுவினா ரப்பர் செத்துப்போயிடும். எதுக்கு உங்களுக்கு?"

"பசை ஒட்டுத வேலைக்கு சார்."

"புதுசா இருந்தாலும் அந்தக் கெமிக்கல் கொஞ்ச நேரத்துல ஊறி உள்ளே வந்துடும். அடியில பாலிதீன் உறை, மேல தடிச்ச ரப்பர். பசை பட்ட உடனே கழட்டிப் போட்டுட்டு வேற மாத்தணும்."

ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, பட்டறைப் பெண்கள் அப்படிப்பட்ட கையுறைகள் இரண்டு பெட்டி வாங்கினார்கள்.

மறுநாள் கணேசபாண்டியன் பெட்டிகளைப் பார்த்தார். இரண்டையும் அள்ளி வாசல் சாக்கடையில் எறிந்தார். திரும்பி வந்து, "நீதான ஊரைக் கூட்டுனவ?" என்று சைனப்பை அறைந்தார். கண் சரியாகத் தெரியாத அந்தப் பெண் தகரக் கூடுகளின் மேல் விழுந்தாள். நெற்றி கிழிந்தது.

"அண்ணாச்சி, அவளை ஏன் அடிக்கிய?" என்றாள் செல்வமேரி.

"ஒனக்கும் வேணுமாட்டி?"

அவர் கை ஓங்கியது. அவள் அவர் வயிற்றில் முட்டிச் சுவரோடு தள்ளினாள். சாக்கிலிருந்து ஒரு கையுறையை உருவி, அவர் வலது கையில் விரல்கள் கோணக் கோண மாட்டினாள்.

"நீ போட்டுப் பாருல!"

கையை மணிக்கட்டு வரை ஹார்டனர் டப்பாவில் அமுக்கினாள். அவர் இடது கைக்குச் சுத்தியல் கிடைத்தது. அதன் பிடியால் அவள் காதோரம் அடித்தார். மறுபடி மறுபடி அடித்தார். கழுத்தில் ரத்தம் வழிந்தது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை. கையுறைக்குள் ஹார்டனர் இறங்கியது. திமிறியதில் ரப்பரும் கிழிந்தது. கணேசபாண்டியன் அலறத் தொடங்கினார். அப்போதும் அவள் விடவில்லை. நான்கு பெண்கள் சேர்ந்துதான் அவளைப் பிய்த்து எடுத்தார்கள்.

போலீஸ் வந்தது. கான்ஸ்டபிள் வந்த வேகத்தில் அவளையே இரண்டு அறை விட்டான். கேஸ் என்று போனால் அந்தச் சாக்குகளையும் காட்ட வேண்டிவரும் என்று கணேசபாண்டியனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கை தவறி டப்பாவுக்குள் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். பெண்கள் பட்டறைக்குள் நுழைய மறுத்து மழையில் வெளியே உட்கார்ந்தார்கள். கட்டுப் போட்ட கையோடு அவர் புதுப் பெட்டிகள் வாங்கிவந்த பிறகுதான் எழுந்தார்கள். செல்வமேரியை மட்டும் அவர் திரும்பச் சேர்க்கவில்லை.

அடிபட்ட காது அவளுக்குக் கேட்காமல் போய்விட்டது. பிறகு மீன் விற்றாள். சைனப்பின் கைகள் ஆறின. ஆனால் அந்தப் பசை இருக்கும் இடத்துக்குப் போனாலே அவள் முகம் வீங்கியது. பிரஷ் வேலை அதோடு முடிந்தது. இருவரும் கடைசிவரை ஒரே சந்தில்தான் இருந்தார்கள். அந்த ஆள் அலறியபோது தனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று செல்வமேரி ஒளிக்காமல் சொல்வாள். அவள் அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் சைனப் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவாள்.