தாஞ்சியர் தேத்தண்ணீர்

எங்கள் வீட்டில் தாஞ்சியர் என்ற சொல்லுக்கு ஒருநாள் தடை விழுந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, கனடாவில் மோர்னிங்சைட்டில் பதினோராம் மாடி, எனக்குப் பத்து வயது. மில்லிக்கனிலிருந்து சின்னம்மாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"கேட்டால் லண்டனாலை வந்தனான் எண்டு சொல்லு," என்றார் அம்மா சின்னம்மாவிடம்.

கனடாவுக்கு வரும் வழியில் காசு வாங்கி ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் கைவிட, சின்னம்மா தாஞ்சியர் என்ற அந்த மொறோக்கோத் துறைமுகத்தில் ஒரு வருடம் தனியே கிடந்தார். தனியே என்பதுதான் சிக்கல். குமர்ப்பிள்ளை, கப்பல் வந்துபோகிற ஊர், காவலுக்கு ஆளில்லை. மிச்சத்தைச் சனம் தானே சொல்லிக்கொள்ளும்.

சின்னம்மாவுக்கோ அந்த ஊர் பேச்சில் வந்து வந்து அலையடிக்கும். குடியிருந்த வீட்டு ஸ்பானியக் கிழவி சொன்ன கதைகள். ஒருகாலத்தில் பல நாடுகள் சேர்ந்து ஆண்ட ஊராம். பிரெஞ்சுக்காரனுக்கு ஒரு தபால் கந்தோர், இங்கிலீசுக்காரனுக்கு ஒன்று, ஸ்பானியனுக்கு இன்னொன்று. கடைக்காரன் எந்த நாட்டுக் காசையும் வாங்கிப் போடுவானாம். "ஆரும் ஆரையும் எந்த ஊர் எண்டு கேக்கிறேல்லை," என்பார் சின்னம்மா, அந்த ஊருக்கு விசா கொடுப்பவர் தானே என்ற தோரணையில்.

வந்தவர்கள் சோபாவில் அமர்ந்தார்கள். அம்மா போட்டுவைத்த பால்தேத்தண்ணீரைச் சின்னம்மா திரும்பியும் பார்க்கவில்லை. புதினா ஊறிய கேத்தலோடு வந்தார். மாப்பிள்ளையின் தாய்க்கு முன்னால் கிளாசை வைத்தார். கேத்தலைத் தலைக்கு மேலே உயர்த்தி, அங்கிருந்து ஊற்றினார். நீளமாக, நூலாக, சத்தத்தோடு இறங்கி நுரைத்தது. விரிப்பில் ஒரு சொட்டும் இல்லை.

"உது எங்கை பழகினனீர், பிள்ளை?"

"தாஞ்சியரிலை, மாமி. ஒரு வருசம் இருந்தனான். தனியத்தான்."

அம்மா பலகாரத் தட்டை எடுத்து நீட்டினார். எல்லார் கையிலும் ஏற்கெனவே பலகாரம் இருந்தது.

தாய் கிளாசைத் தொடாமலே எழுந்தார். மாப்பிள்ளை மட்டும் நின்றபடி கடைசி மடக்குவரை குடித்துவிட்டுச் சப்பாத்து மாட்டப் போனார்.

கதவு சாத்தியதும் அம்மா, "உனக்கென்ன விசரோ?" என்றார். சின்னம்மா எனக்கொரு கிளாஸ் ஊற்றினார், அதே உயரத்திலிருந்து.

"மாப்பிள்ளையைப் பிடிக்கேல்லையோ, சின்னம்மா?"

"பிடிச்சது. அதுதான் ஊத்தினனான்."

பிடித்தவரிடம் எவராவது மறைக்கச் சொன்னதைப் போட்டு உடைப்பார்களா? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தேத்தண்ணீர் பற்பசை மணக்கிறது என்று மட்டும் சொன்னேன்.