சாய்ந்த வீட்டுக்காரி

கழற்றாத சப்பாத்தோடு நின்றபடியே சுலோஜனா ஓக் மரத் தூண்களை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறாள். 'ணங்' என்றால் முகம் மலரும். 'பொத்' என்றால், "இவருக்குச் சுகமில்லை" என்பாள். வாரநாட்களில் ஜெர்மனியின் ஹனோவரில் டிராம் ஓட்டுகிறவள், சனி விடிந்தால் ஊருக்கு வெளியே தான் வாங்கிய இந்தப் பழைய பண்ணைவீட்டில்தான் நிற்பாள்.

வைக்கோல் வண்டி பாரத்தோடு நுழையக்கூடிய வாசல். நடுவே நீண்ட கூடம். இரு மருங்கும் முன்பு மாடுகள் நின்ற இடம், கோடியில் மனிதர்களும் அடுப்பும். எல்லாம் ஒரே கூரையின்கீழ். புகைபோக்கி இல்லாத காலத்துப் புகை உத்தரங்களில் இன்னும் கறுத்துக் கிடக்கிறது. மரச்சட்டங்களின் இடைவெளியில் கம்பு பின்னி, வைக்கோல் கலந்த களிமண் அப்பிய சுவர்கள். முழு வீடும் ஒரு பக்கம் சாய்வு.

"சாஞ்சாலும் விழேல்லைத்தானே" என்பாள், கேட்பவர்களிடம்.

கணவர் சோதிலிங்கத்துக்கு அது சிரிப்பாக இல்லை. "இருக்கிற ஃபிளாட்டுக்கு என்ன குறை? உந்த மாட்டுக்கொட்டிலுக்கு நான் வரமாட்டன்" என்றவர், சொன்னபடியே வரவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஜன்னலோரம் எப்போதும் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தாள்.

போன கோடையில் மேற்குச் சுவரின் அடிமரம் ஈரத்தில் உக்கிப்போனது. தச்சர் புதுமரம் வைத்தார்; பழைய மண் பொலபொலவென்று கொட்டிவிட்டது. குளிருக்கு முன் புதுமண் அப்பிக் காயவேண்டும். சீமெந்து பூசச் சொன்னவர்களிடம், "அது ஈரத்தைப் பிடிச்சு மரத்தைத் திண்டுபோடும்" என்று மறுத்தாள். தோழி பிறேமா கோயில் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தாள். கூடத்தில் தறப்பாளை விரித்து, களிமண்ணும் வைக்கோலும் தண்ணீரும் கொட்டி, சேலையையும் ஜீன்ஸையும் தூக்கிச் செருகி மிதித்தார்கள்.

"சறுக்குது, என்னைப் பிடியுங்கோ அக்கா."

"நானே விழப்போறன், ஆரைப் பிடிக்கிறது?"

சிரிப்பு கூரைவரை போனது.

அப்போது வாசலில் சோதிலிங்கம், கையில் சோற்றுப் பானையோடு. "பசியோடை நிப்பியள் எண்டு கொண்டுவந்தனான்."

சேற்றில் மிதித்த கால்கள் நின்றன. அவர் அண்ணாந்து உத்தரங்களையே நெடுநேரம் பார்த்தார்.

"ஆணி ஒண்டையும் காணேல்லை?"

"மரமுளைதான். ஒண்டை ஒண்டு பிடிச்சுக்கொண்டு நிக்குது" என்றாள் சுலோஜனா.

"உம்மட சுவர் இண்டைக்கு முடியுமோ?"

"மிதிக்க இவ்வளவு கால் காணாது."

அவர் பானையைப் பிறேமாவிடம் கொடுத்தார். சப்பாத்தைக் கழற்றினார், காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். சேற்றின் விளிம்பில் ஒரு காலை நீட்டியவர், வழுக்குமோ என்று தயங்கினார்.

சுலோஜனா மிதித்துக்கொண்டே பக்கத்தில் வந்து, அவர் பிடித்துக்கொள்ளும்படி தோளைச் சற்றுத் தாழ்த்தினாள்.