நல்ல கண்ணை மூடச் சொன்னார்கள்

என் தங்கைக்கு இடது கண் சரியாகத் தெரியாது என்பது அவளுக்கு ஆறு வயதாகும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. சுனாமி வந்துபோன மூன்றாவது வருஷம், பள்ளிக்கூடத்துக்குக் கண் பார்க்க ஆட்கள் வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சுவரில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் ஆங்கில ‘ஈ’ எழுத்து பெரிதாக ஆரம்பித்து, வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே கீழே இறங்கும். அதன் மூன்று கால்களும் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று விரலால் காட்ட வேண்டும். வலது கண்ணால் தங்கை கடைசி வரிவரைக்கும் டக்கு டக்கென்று காட்டினாள். வலது கண்ணைப் பொத்தச் சொன்னதும் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். பரிசோதிக்க வந்த பெண் அவள் கையை விலக்கித் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

“அட்டையை எடுத்துட்டீங்களா?” என்று கேட்டாள் தங்கை. வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற நான் சிரித்துவிட்டேன். அவள் விளையாடுகிறாள் என்றே நினைத்தேன்.

நாங்கள் அப்போது அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் இருந்தோம். அப்பா ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். அம்மா தினமும் ஃபெரியில் சாத்தாம் போய், அங்கிருந்து பஸ் பிடித்து போர்ட் பிளேரில் ஓர் ஆபீஸில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தாள். அம்மாவின் இந்தி மீன் வாங்கப் போதும், டாக்டரிடம் பேசப் போதாது. அதனால் தங்கையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது ஐந்தாவது படித்த என்னையும் மொழிபெயர்க்கக் கூட்டிப்போனாள்.

கண்ணில் மருந்து விட்டார்கள். தங்கையின் கண்மணி இரண்டும் கறுப்புப் பொத்தான் மாதிரி விரிந்துபோய், அவள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அழுதாள். டாக்டர் அவள் மூக்கின் மேல் ஒரு கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகிச் செருகிப் பார்த்தார். கண்ணில் பூ விழவில்லை, புண்ணில்லை, வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் என்றார். இடது கண்ணுக்கு மட்டும் பவர் ரொம்ப அதிகம். சின்னதிலிருந்தே அதில் எல்லாம் மங்கலாகத் தெரிந்ததால் அது வேலை செய்வதை விட்டுவிட்டது. கண்ணாடி போட வேண்டும். அதோடு தினமும் நாலு மணி நேரம் நல்ல கண்ணை மூடிவைக்க வேண்டும். “ஆலசி ஆங்க்” என்றார். நான் அம்மாவிடம், “சோம்பேறிக் கண்ணாம்மா” என்றேன். அம்மா தங்கையைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இதில்கூடவா சோம்பேறித்தனம் என்கிற சலிப்பு இருந்தது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒட்டுப் பட்டைகள் பத்து நாளில் தீர்ந்துபோயின. அடுத்தது மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் எப்போது வரும் என்பது கப்பலுக்கே தெரியாது. அம்மா கறுப்புத் துணியில் ஓர் உறை தைத்து, கண்ணாடியின் வலது பக்கத்தில் மாட்டிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அம்மா வரும்வரை அந்த உறை இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

உலகத்தில் எனக்கு முன்னால் யாருக்காவது இப்படியொரு பொறுப்பு கொடுக்கப்பட்டிருக்குமா என்று தெரியவில்லை. உறையை மாட்டியதும் தங்கை கத்துவாள். கண்ணாடியைக் கழற்றி எறிவாள். மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டு மேல்வழியாகப் பார்ப்பாள். “ஒழுங்கா போடுட்டி” என்றால், “தெரியல, தெரியலன்னு சொல்றேன்ல!” என்று காலை உதைத்துக்கொண்டு அழுவாள். தெரியாவிட்டால் என்ன, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே? உட்கார மாட்டாள். என் பின்னாலேயே வருவாள், வந்து எதிலாவது இடிப்பாள். ஒருநாள் என் கையைக் கடித்தே வைத்துவிட்டாள். பல் பதிந்த தடத்தைக் காட்டியபோது அம்மா, “சின்னப் புள்ளட்டி, நீதானே விட்டுக்கொடுக்கணும்” என்றாள். விட்டுக்கொடுத்தால் உறை கழன்றுவிடும், விட்டுக்கொடுக்காவிட்டால் கடி. இதில் எது வேண்டும் என்று அம்மா சொல்லவே இல்லை.

இது போதாதென்று பெரியப்பா வேறு. பஜாரில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தவர் தங்கையைப் பார்த்துவிட்டு அதிர்ச்சியாகிவிட்டார்.

“எந்தக் கண்ணும்மா கெட்ட கண்ணு?”

“இடது” என்றாள் அம்மா.

“அப்ப ஏன் வலதைக் கட்டியிருக்க? ரெண்டு மோட்டார்ல ஒண்ணு ஓடல. ஓடாததைக் கழட்டிப் பாப்பானா, ஓடுறதைப் போயி கழட்டுவானா?”

“டாக்டர் அப்படித்தான் சொன்னாருங்க அத்தான்.”

“டாக்டர் இந்தியில சொல்லியிருப்பாரு. அதை உனக்குச் சொன்னது யாரு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நீ சரியாத்தான் கேட்டியா?” என்றார் பெரியப்பா. சரியாகத்தான் கேட்டேன். ஆனால் அவர் மூன்று தரம் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தது வசதியாகவும் இருந்தது.

மறு வாரம் எங்கள் தெருவில் கயிறு தாண்டும் போட்டி. நான் எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து பெரிய அலறல். தங்கை வீட்டுக்கு முன்னால் இருந்த சாக்கடையில் விழுந்துகிடந்தாள். முழங்கால் முழுக்கச் சேறும் ரத்தமும். பக்கத்து வீட்டு பெங்காலி அத்தை ஓடிவந்து தூக்கி, “சின்னப் புள்ளையோட நல்ல கண்ணைக் கட்டி அடிக்கறியா?” என்கிற அர்த்தத்தில் இந்தியில் என்னைப் பிடித்துத் திட்டினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. என் எண்பது போச்சு.

வீட்டுக்குள் இழுத்துப்போய்க் கால் கழுவிவிட்டேன். கண்ணாடியிலிருந்து உறையை உருவி, இடது பக்கத்தில் மாட்டினேன். தங்கை அழுகையை நிறுத்தினாள். சுற்றிலும் பார்த்தாள். கலர் பென்சிலை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு கப்பல் வரைய ஆரம்பித்துவிட்டாள்.

அந்த நிமிஷமே பெரியப்பா சொன்னதுதான் சரி என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மருந்து என்றால் நோயாளி அமைதியாக வேண்டாமா? இருந்தாலும் அம்மாவிடம் சொல்லவில்லை. சாயங்கால ஃபெரி ஜெட்டிக்கு வரும்போது ஹார்ன் அடிக்கும். அது கேட்டதும் உறையை வலது பக்கத்துக்கு மாற்றிவிடுவேன். அம்மா வீட்டுக்குள் நுழையும்போது தங்கை சமர்த்தாக உட்கார்ந்திருப்பாள். “இப்பதான் அக்காவும் தங்கச்சியும் ஒழுங்கா இருக்கீங்க” என்று அம்மா சந்தோஷப்படுவாள். இப்படி மூன்று மாதம் ஓடியது. எங்கள் வீட்டில் அத்தனை நிம்மதி அதற்கு முன்போ பின்போ இருந்ததில்லை.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் அதே மாதிரி ‘ஈ’ அட்டை. இடது கண்ணுக்கு எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெரிய ‘ஈ’ மட்டும்தான் தெரிந்தது. முதல்முறை இங்கே வில்லை போட்டுப் பார்த்தபோது தெரிந்ததும் அதுதான். டாக்டர் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தார். பட்டை தினமும் போட்டீர்களா என்று கேட்டார். இதற்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. “ரோஜ் லகாயா சாப்! ஏக் தின் பீ நை சோடா!” என்று அம்மா தானே பதில் சொன்னாள். ஒருநாள்கூட விடவில்லை. அதைச் சொல்லும்போது அவளுக்கு அவ்வளவு பெருமை.

டாக்டர் யோசித்தார். இவ்வளவு ஒழுங்காகப் போட்டும் ஒரு வரிகூட முன்னேறவில்லை என்றால் கோளாறு கண்ணில் இல்லாமல் அதற்குப் பின்னால், நரம்பிலோ தலைக்குள்ளோ இருக்கலாம். சென்னைக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றார். அதை நான்தான் தமிழில் சொன்னேன். ‘தலைக்குள்ளே’ என்று சொல்லும்போது அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது பொறாமை. தங்கை கப்பலில் மூன்று நாள் போவாள், ரயில் பார்ப்பாள், சென்னை பார்ப்பாள். எனக்குப் பள்ளிக்கூடம். அப்பா ஹேவ்லாக்கிலிருந்து வந்து கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார். அம்மா வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. தங்கை நடந்தால் அவள் கால்களைப் பார்த்தாள், தங்கை தும்மினால் எழுந்து வந்தாள். மூன்றாம் நாள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவள், தங்கையின் ஒரு பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். உறையை இடது பக்கம் மாட்டிவந்ததைச் சொல்லிவிட்டேன்.

அம்மா பாவாடையைக் கீழே போட்டாள். “எத்தனை நாளு?”

“எல்லா நாளும்.”

அடி விழும் என்று முகத்தை மூடிக்கொண்டேன். “செருப்பைப் போடு” என்றாள் அம்மா. ஜெட்டிவரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஃபெரியிலும் என் கையை விடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் என்னை நிறுத்தி, “சொல்லு. எங்கிட்ட சொன்னதை அப்படியே இந்தியில சொல்லு” என்றாள்.

என் குற்றத்தை நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. பெரியப்பாவின் மோட்டாரையும் சேர்த்துச் சொன்னேன். டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அப்புறம் என்னை உட்காரவைத்து, அந்த இரும்புச் சட்டத்தை என் மூக்கில் மாட்டினார். வலது பக்கம் ஒரு கறுப்பு வில்லை. இடது பக்கம் ஒரு தடித்த வில்லை.

“போ, கதவுவரைக்கும் நடந்துட்டு வா” என்றார் இந்தியில்.

டாக்டர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கறை. கதவு இருந்த இடத்தில் எதுவும் இல்லை. இரண்டடி வைத்ததும் ஸ்டூலில் முழங்கால் இடித்தது. கைகளை நீட்டிக்கொண்டு நின்றேன். “தெரியல” என்றேன். என் காதிலேயே அது தங்கையின் குரல் மாதிரி கேட்டது.

தங்கையின் இடது கண் பார்த்தாலும் மூளை அதைக் கவனிப்பதில்லை, நல்ல கண் திறந்திருக்கும்வரை அதைத்தான் கேட்கும், அதனால்தான் நல்லதை மூடுகிறோம் என்றார் டாக்டர். கஷ்டப்பட்டு அழுதால்தான் அந்தக் கண் வேலை செய்கிறது என்று அர்த்தம். சென்னை இப்போது வேண்டாம், மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டுவிட்டு வாருங்கள் என்றார். கடைசி வாக்கியத்தை நான் தமிழில் சொன்னதும் அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் ஒன்றரை வருஷம் உறை வலது பக்கத்தில்தான் இருந்தது. அம்மா காலை வேலைக்கு மாறிக்கொண்டு, மத்தியானம் தானே பக்கத்தில் உட்கார்ந்து தங்கைக்கு அரிசியில் கல் பொறுக்கக் கொடுத்தாள். தங்கையின் கண் ஒவ்வொரு வரியாக இறங்கி, அட்டையின் கடைசி இரண்டு வரிகளுக்கு முன்னால் நின்றுவிட்டது. அந்த இரண்டு வரி என் மூன்று மாதத்தால் போனதா, எப்படியும் போயிருக்குமா என்று பின்னாளில் ஒரு டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். தங்கையைக் கேட்டால், “விடேன்க்கா, எத்தனை தடவை கேப்ப” என்று எரிந்து விழுகிறாள்.

நான் உண்மையைச் சொன்ன அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது சாத்தாம் ஜெட்டியில் அம்மா மசாலாப் பொரி வாங்கினாள். வெளியே எதுவும் வாங்கித்தராத அம்மா. பொட்டலத்தை முழுசாக என் கையில் கொடுத்துவிட்டு, ஃபெரியின் கம்பியில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு தனக்குத்தானே சிரித்தாள். “மோட்டாராம், மோட்டார்” என்று சொல்லி மறுபடி சிரித்தாள். என் தலையை இழுத்துத் தன் இடுப்போடு வைத்து அழுத்திக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் அடிப்பதற்குத்தான் இந்த முன்னேற்பாடு என்று நான் நினைத்தேன். ஒரு வாரம் அந்த அடிக்காகக் காத்திருந்தேன். இவ்வளவு பெரிய தப்பைக் கேட்ட பிறகு ஒருத்தி எதற்காக இப்படிச் சந்தோஷமாக இருக்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.