சேதராப்பட்டுப் பக்கம் மஞ்சள் அடித்த நிலம்

நகரத்தில் உப்பளம் என்ற பகுதியில் பதினோரு ஆண்டுகளாக வாடகை வீடு. நகரம் இனி எந்தப் பக்கம் வளரலாம் என்று காட்டும் வரைவு வரைபடத்தை நகரமைப்பு அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். புதுக் குடியிருப்புகளுக்கு மஞ்சள் நிறம். அதில் ஒரு மஞ்சள் துண்டு எங்கள் கைக்கு எட்டும் விலையில் இருந்தது. முன்பணம் கொடுக்கும் முன் நேரில் பார்த்துவிடலாம் என்று போன கார்த்திகையில், மழை விட்ட மூன்றாம் நாள், நானும் என் மனைவி மேரியும் கிளம்பினோம்.

காலை 7.40க்குப் பேருந்து நிலையத்தில் ஏறினோம். சேதராப்பட்டு சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், ஆளுக்கு இருபது ரூபாய், நாற்பது நிமிடம். பாதிக் கூட்டம் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் போகிறவர்கள், ஜன்னலோர இடத்தை மறந்துவிடுங்கள். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஆட்டோ, நூற்றிருபது ரூபாய். என் பேரத்துக்குப் பத்து ரூபாய்கூடக் குறையவில்லை.

நிலத்துக்காரர் தனகோட்டி காத்திருந்தார். தொழிற்பேட்டையில் வேலை, மீதி நேரம் பயிர். தம்பிகள் இருவரோடு சேர்த்து இரண்டு காணி நிலம், இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். மஞ்சள் உறுதியானதும் மனை பிரித்து விற்பதாகத் திட்டம். நான் வரைபட நகலை விரித்துச் சாலை இங்கே, பூங்கா அங்கே என்று அளந்துகொண்டிருந்தேன். படம் என்றால் எனக்கு அப்படியொரு நம்பிக்கை. மேரி விவசாயக் குடும்பத்துப் பெண். அவள் தரையைப் பார்த்தாள்.

“கோரை ஏண்ணா இவ்ளோ மொளைச்சிருக்கு?”

தனகோட்டி ஏரிப் பக்கம் கை காட்டினார்.

“ஏரி ரொம்புனா தண்ணி இப்படித்தாம்மா எறங்கும். அஞ்சாறு நாள் நிக்கும். நெல்லுக்கு ஒண்ணும் ஆவாது.”

“வூட்டுக்கு?”

“வூட்டுக்கு சரிவராதும்மா.”

எனக்கு மனசே விட்டுப்போனது. பிறகு எப்படி இதற்கு மஞ்சள் அடித்தார்கள் என்று அவரிடம் கேட்டேன்.

“சித்திரையில வந்து பாத்தாங்க சார். அப்ப இங்க கிரிக்கெட் ஆடலாம். பட்டா கேட்டாங்க, தண்ணி எப்படிப் போவும்னு கேக்கல. வெல ஏறுமேன்னு நானும் வாயத் தொறக்கல. இங்க மண்ணு கொட்டி மேடாக்குனா எங்க தெருவுலதான் தண்ணி பூந்துடும்.”

வரைபடத்துக்கு மறுப்பு எழுதிக் கொடுக்க மறுநாள் கடைசி. அவரையும் கையெழுத்துப் போடக் கேட்டேன். “தம்பிங்க உட மாட்டாங்க” என்றார். ஆனால் நான் எழுத ஆரம்பித்ததும், “சர்வே நம்பரத் தப்பா போட்டுடாதீங்க” என்று ஒவ்வொரு எண்ணாக அவரே சொன்னார். திரும்பும் பேருந்தில் வரைபட நகலை மடித்துப் பைக்குள் வைத்தேன். அந்த விலைக்கு வேறு மனை கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும்.

மனை பார்க்கப் போகிறவர்கள் அடைமழை விட்ட வாரத்தில் போங்கள். தண்ணீர் தேங்கும் மண்ணில் வளரும் கோரைப்புல் கண்ணில் பட்டால், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். மறுப்பைத் தமிழிலேயே எழுதலாம். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், பதினோரு மணிக்குள் போனால் கூட்டம் இருக்காது.

நாங்கள் மறுநாள் காலையே கொடுத்துவிட்டோம். மாலையில் தனகோட்டி போன் செய்தார்.

“நானும் ஒண்ணு எழுதிக் குடுத்துட்டேன் சார். தம்பிங்க பேச்ச நிறுத்திட்டாங்க. நீங்க வேற எடம் பாருங்க, மேடா பாருங்க.”