ஒரே ஒரு வாக்காளர் உள்ள தொகுதி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். அமெரிக்கத் தேர்தலைப் பற்றி எழுத நான் யார்? பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பதற்கே இன்னும் தீர்ப்பு வரவில்லை. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு டயர் கடையில் சில்லுக் கழற்றுகிறவனுக்கு வாஷிங்டனில் என்ன அலுவல்? பேனையை எடுத்தேன், வைத்தேன், போய்ப் படுத்தேன். ஆனால் தொண்ணூற்றாறாம் ஆண்டு நாங்கள் நடத்திய பிரசாரத்தைப் போல ஒன்றை அமெரிக்காக்காரனே நடத்தியிருக்க மாட்டான். அதைப் பெருமையாகச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

நானும் என் சிநேகிதனும் அப்போது ஒரு வீட்டின் பின்வளவில், கராஜை அறையாக்கிய இடத்தில் வாடகைக்கு இருந்தோம். அவன் மன்னார்ப் பெடியன், வேதக்காரன், ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவன். இறைச்சி வைக்கும் குளிர்களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அந்தக் குளிரில் வாயும் உறைந்துவிட்டதோ என்னவோ, ஒரு நாளைக்கு ஒரு கை விரல்களுக்குள் எண்ணக்கூடிய சொற்கள்தான் பேசுவான். மிச்சத்தை நான் பேசிக்கொள்வேன்.

முன்வீட்டில் வீட்டுக்காரர் குடும்பம். நாங்கள் அவரை அங்கிள் என்போம். யாழ்ப்பாணத்தார், சைவம், ஊரில் வங்கி மனேஜராக இருந்தவர். அவர் மனைவி, ஆன்ரி. ஒரே மகள் நகரத்தில் வங்கியொன்றில் வேலை. காலையில் சான்ட்ரிங்ஹாம் வழியாகப் போகும் பஸ்ஸில்தான் அவளும் போவாள், என் சிநேகிதனும் போவான். அவன் இறங்க வேண்டியது பாதி வழியில். ஆனால் பல நாள் இறங்க மறந்து நகரம் வரை போய், திரும்பி வந்து, பிந்தி வந்ததற்கு மேலாளரிடம் பேச்சு வாங்குவான். அவ்வளவு மறதிக்காரன் ஃபோர்க்லிஃப்ட்டில் மட்டும் ஒரு பெட்டியைக்கூட மாற்றி வைத்ததில்லை.

இருவருக்கும் விருப்பம். அங்கிளுக்குத் தெரியாது. எங்கள் ஆட்களுக்குள் பெண் கேட்பதென்றால் மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது, பெரியவர்கள்தான் போய்க் கேட்க வேண்டும். இவனுக்கு அப்பா இல்லை. அம்மா மன்னாரில், சண்டைக்கு நடுவில். ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தாலே அது அதிசயம். இதற்கிடையில் சிட்னியிலிருந்து ஒரு டாக்டர் மாப்பிள்ளையின் பேச்சு வந்திருந்தது. டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு அவர்கள் குடும்பமாக ஆக்லாந்து வருவதாக ஆன்ரி ஒருநாள் சொன்னா. சிநேகிதன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"டேய் மச்சான், இது தேர்தல்டா. தொகுதியில ஒரே ஒரு வோட்டுத்தான். அது அங்கிள். நான் உன்ர கம்பெயின் மனேஜர்" என்றேன்.

"வேண்டாம்டா" என்றான். அன்றைய ஐந்து சொற்களில் ஒன்றை இதற்குச் செலவழித்துவிட்டான்.

ஏன் தேர்தல் ஞாபகம் வந்ததென்றால், அந்த வீட்டில் அப்போது வேறு பேச்சே இல்லை. அமெரிக்காவில் பதவியில் இருந்த ஜனாதிபதியும் செனட்டராக இருந்த வயதான ஒருவரும் மோதிக்கொண்டிருந்தார்கள். அங்கிள் மாதக்காசு கட்டிப் பார்க்கும் செய்திச் சனல் எடுத்திருந்தார். பின்னேரம் வேலையால் வந்ததும் சாரத்தைக் கட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்காருவார். கருத்துக் கணிப்பு வந்தால் எழும்பி நின்றுதான் பார்ப்பார், யாரோ தேசிய கீதம் போட்டதுபோல. பார்த்து முடிந்ததும் யாராவது ஒருவருடன் வாதாட வேண்டும். ஆன்ரி சமையல் இருக்கிறதென்று குசினிக்குள் போய்விடுவா, மகள் "அப்பா, ப்ளீஸ்" என்று அறைக்குள் போய்விடுவாள். மிஞ்சுவது பின்வளவுக்காரர்களான நாங்கள்.

என் திட்டம் எளிமையானது. பெரியவர் சொல்வதற்கெல்லாம் ஓம் என்றால் பெரியவருக்குப் பிடிக்கும். ஊரில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். சிநேகிதனுக்கு அதுவே சொல்லிக் கொடுத்தேன். ஒரு சொல்தானே, அவனுக்கும் வசதி.

"கணிப்பு எல்லாம் பொய் தம்பி. கொஞ்சப் பேரிட்ட டெலிபோன்ல கேட்டிட்டு முழு நாடும் இப்பிடித்தான் எண்டா எப்பிடி? அந்த வயசான செனட்டர்தான் வெல்லப்போறார்" என்பார் அங்கிள்.

"ஓம் அங்கிள்."

அங்கிள் கொஞ்ச நேரம் காத்திருப்பார். எதிர்ப்பேச்சு வராது. அவருக்குக் கை கால் ஓடாது. பிறகு அவரே மறுபக்கம் பாய்வார்.

"ஆனா ஒண்டு. பொருளாதாரம் நல்லா இருக்கேக்க சனம் ஏன் ஆளை மாத்துது? ஜனாதிபதிதான் திரும்ப வருவார்."

"ஓம் அங்கிள்."

அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். நான் பக்கத்திலிருந்து, "கெட்டிக்காரன், ரெண்டு பக்கமும் விளங்கினவன்" என்று விளம்பரம் கொடுத்தேன்.

எங்கள் நிலைமையை அளக்க எனக்கும் ஒரு கருத்துக் கணிப்பு இருந்தது. தேத்தண்ணியோடு ஆன்ரி சுடச்சுடப் பொரித்த ரோல்ஸ் கொண்டுவந்தால் நாங்கள் முன்னுக்கு. கடை பிஸ்கட் என்றால் பின்னுக்கு. செப்டம்பரில் ரோல்ஸ் வந்தது. ஒக்டோபரில் பிஸ்கட் ஆனது. பிறகு பிஸ்கட்டும் நின்று வெறும் தேத்தண்ணி வந்தபோது, குசினிப் பக்கம் போய் ஆன்ரியிடம் மெதுவாக விசாரித்தேன்.

"உங்கட சிநேகிதன் நல்ல பிள்ளை தம்பி. ஆனா இவர் சொல்லுறார், அந்தப் பெடியனுக்குச் சொந்தமா ஒரு கருத்தும் இல்லையாம். முதுகெலும்பு இல்லாத மனிசரோட தேத்தண்ணி குடிக்கிறதே நேரம் வீண் எண்டு."

அன்றைக்கு எங்கள் பிரசாரம் தலைகீழாகக் கவிழ்ந்தது. அறைக்குப் போய் அவனிடம் சொன்னேன்.

"மச்சான், அங்கிள் எதிர்த்துக் கதைக்கிற ஆளைத்தான் தேடுறார். இனிமேல் இல்லை எண்டு சொல்லு."

"பெரியாளை எப்பிடியடா எதிர்த்துக் கதைக்கிறது?"

"டிவியில பாக்கேல்லையோ? ரெண்டு பேரும் நேருக்கு நேர் நிண்டு விவாதம் செய்யினம். முடிஞ்ச உடன கை குடுக்கினம்."

"அவைக்கு மாமன் மருமகன் முறை இல்லைத்தானே" என்றான். நீளமான வசனம். நானே அசந்துபோனேன்.

அமெரிக்காவில் செவ்வாய் பின்னேரம் என்றால் எங்களுக்குப் புதன் மத்தியானம். உலகமே நித்திரை முழித்துப் பார்க்கும் தேர்தலை நாங்கள் சோறு சாப்பிட்டுவிட்டுப் பகலில் பார்ப்போம். ஆக்லாந்துக்காரனுக்கு இதுவே ஒரு பெருமை. அங்கிள் அன்றைக்கு லீவு போட்டிருந்தார். சிநேகிதனுக்குக் காலை ஷிஃப்ட் முடிந்துவிட்டது. நான் டயர் கடையில் பல் வலி என்று சொல்லிவிட்டு, வெளியே வரும்வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மூன்று மணி போல முடிவைச் சொல்லிவிட்டார்கள். ஜனாதிபதிக்கே வெற்றி. அங்கிளுக்கு ஆத்திரம்.

"மேற்குப் பக்கத்தில இன்னும் சனம் வோட்டுப் போடுது! அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று டிவியைப் பார்த்துச் சத்தம் போட்டார். பிறகு கோபம் தோற்றவர் மீது திரும்பியது. "அந்த மனிசனுக்கு இது தேவையோ? மாசக்கணக்கா எல்லாக் கணிப்பும் தோல்வி எண்டு சொல்லுது. மரியாதையா வீட்டில இருந்திருக்கலாம். தோக்கப்போறம் எண்டு தெரிஞ்சும் சனத்திட்டப் போய்க் கேக்கிறது வெக்கம் கெட்ட வேலை. என்ன தம்பி?"

பழக்கதோஷத்தில் என் உதடே ஓம் என்று அசைந்தது. சிநேகிதன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இல்லை அங்கிள்."

அங்கிள் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். குசினிக்குள் கரண்டிச் சத்தமும் நின்றது.

"என்ன இல்லை?"

"அதில வெக்கம் ஒண்டும் இல்லை. அந்த மனிசன் மேடையில இருந்து விழுந்தும் எழும்பி வந்தவர். கடைசி நாளுகள்ல நித்திரையும் கொள்ளாமல் ஊர் ஊராப் போனவர். கணிப்புச் சொல்லுது எண்டு பேசாமல் இருந்திருந்தா, சாகும்வரைக்கும் 'கேட்டிருந்தா என்ன நடந்திருக்கும்' எண்டெல்லோ யோசிச்சுக்கொண்டிருப்பார்." மூச்சு எடுத்துக்கொண்டான். "நேற்றுவரைக்கும் நீங்களும் அவருக்காகக் கதைச்சனீங்கள். தோத்த உடன விட்டிட்டீங்கள்."

எனக்கு விக்கல் வந்துவிட்டது. அங்கிள் நாற்காலியின் நுனிக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனால் கண்ணில் நான் அதுவரை காணாத ஒரு பிரகாசம்.

"அப்ப நீர் ஆரின்ர பக்கம்?"

"அமெரிக்காவில ஆரின்ர பக்கமும் இல்லை அங்கிள். நானும் ஒண்டு கேக்க வேணும். எனக்காகக் கேக்கிறதுக்கு இஞ்ச பெரியாக்கள் ஒருத்தரும் இல்லை. அதால நானே கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. உங்கட மகளை எனக்குக் கட்டித் தருவீங்களோ?"

பின்வளவுக் கராஜில் இருந்துகொண்டு நான் சொல்லிக் கொடுத்த எந்தப் பேச்சிலும் இது இல்லை. என் சிநேகிதன், மூன்று வருடமாக என்னோடு ஒரே அறையில் வாய்மூடி இருந்தவன், நேராக உட்கார்ந்து, கையை முழங்காலில் வைத்துக் கேட்டுவிட்டான். என் நெஞ்சு அன்றைக்கு விரிந்தது போல வேறு எந்த நாளும் விரிந்ததில்லை.

"இதென்ன, நியூஸ் பாக்கிற நேரத்தில!" என்றார் அங்கிள். பிறகு, "நீர் வேதம். நாங்கள் சைவம்."

"ஓம் அங்கிள்."

"சிட்னியில ஒரு டாக்டரின்ர வீட்டில கேட்டிருக்கினம். தெரியுமோ?"

"தெரியும். கணிப்பில அவர்தான் முன்னுக்கு நிக்கிறார்."

குசினி வாசலில் ஆன்ரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டா. சிரிப்பா அழுகையா என்று அந்த இடத்திலிருந்து தெரியவில்லை.

அங்கிள் மறுபடி டிவிப் பக்கம் திரும்பினார். டிவியில் பலூன்கள் பறந்தன. பின்னேரமாகி மகள் வேலையால் வந்தாள். கைப்பையைக்கூட வைக்கவில்லை. அங்கிள் கேட்டார்: "பிள்ளை, இவர் உம்மைக் கட்டித் தரச் சொல்லிக் கேக்கிறார். நீர் என்ன சொல்லுறீர்?"

அவள் அவனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "நான் போன வருசமே வோட்டுப் போட்டிட்டன் அப்பா" என்றாள்.

அங்கிள் டிவியை நிறுத்தினார். "யோசிப்பம்" என்று மட்டும் சொன்னார்.

யோசிப்பம் என்றால் எவ்வளவு காலம்? அந்த ஒக்டோபரில் நியூசிலாந்திலும் தேர்தல் நடந்திருந்தது. நான் வாழ்க்கையில் முதன்முதல் போட்ட வோட்டு அது. அயர்ன் பண்ணிய சேர்ட் போட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாப்பிள்ளை போலப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். ஊரில் வோட்டுப் போடும் வயது வருமுன்னே ஓடி வந்தவனுக்கு, வந்த நாட்டில் ஒரு வோட்டு. ஆனால் புது முறைத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஒரு சின்னக் கட்சி யாரோடு சேரப்போகிறதென்று நாடே வாய் பார்த்துக்கொண்டிருந்தது. கிழமைகள் போயின, பிரதமர் யாரென்று தெரியவில்லை.

முன்வீட்டிலும் அதே கதைதான். ஒரு பக்கம் அங்கிள், ஒரு பக்கம் மகள். நடுவில் ஆன்ரி. தொகுதியில் ஒரே ஒரு வோட்டு என்று நான் போட்ட கணக்கு முழுக்கப் பிழை. அந்த வீட்டின் சின்னக் கட்சியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அங்கிள் மட்டும் முன்னையைவிடச் சந்தோஷமாக இருந்தார். தினமும் வேலையால் வந்ததும் பின்வளவுக்கு வந்து கதவைத் தட்டுவார். "தம்பி, வாரும். இந்தக் கூட்டணி ஆட்சி அமைஞ்சாலும் நிலைக்குமோ?" சிநேகிதன் போய், "நிலைக்கும் அங்கிள்" என்பான். "எப்பிடி நிலைக்கும்?" என்று தொடங்கினால் தேத்தண்ணி ஆறும்வரை ஓயாது. கல்யாணத்தைப் பற்றி இருவரும் ஒரு சொல் பேசமாட்டார்கள். நான் ஓரமாக இருந்து ரோல்ஸ் சாப்பிடுவேன். ஓம், ரோல்ஸ் திரும்பி வந்திருந்தது.

டிசம்பரில் ஒருநாள் காலை நான் உடுப்புக் கொடியில் என் ஓவரோலைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஆன்ரி பக்கத்துக் கொடிக்கு வந்தா.

"தம்பி, சிட்னிக்காரருக்குப் போன் எடுத்து வர வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆன்ரி! அங்கிள் என்ன சொன்னவர்?"

"அவர் என்ன சொல்லுறது? நான் சொல்லிப்போட்டன். ஐயரை வைச்சுத் தாலி, அடுத்த நாள் சேர்ச்சில ஆசீர்வாதம். பிள்ளை மதம் மாறாது, பெடியனும் மாறத் தேவையில்லை. நேற்றுப் பின்னேரம் நான் சொல்ல இவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில 'பெடியன் வாதாடத் தெரிஞ்சவன், பிள்ளையைப் பாத்துக்கொள்ளுவான்' எண்டார். போய் உங்கட ஆளிட்டச் சொல்லுங்கோ."

நாட்டில் அரசாங்கம் அமைவதற்கு முன்னாலேயே ஆன்ரி அமைத்துவிட்டா. நான் ஈர ஓவரோலைத் தோளில் போட்டபடி முன்வீட்டுக்குள் ஓடி, அங்கிளின் போனிலேயே குளிர்களஞ்சியத்துக்கு எடுத்தேன். அவசரம் என்று சொல்லி அவனைக் கூப்பிடச் சொன்னேன். பின்னால் ஃபோர்க்லிஃப்ட்டுகளின் பீப் சத்தம் கேட்டது. அவன் மூச்சிரைக்க வந்து "என்னடா?" என்றான்.

"வெண்டிட்டம் மச்சான்! ஆன்ரி முடிவைச் சொல்லிப்போட்டா, அங்கிளும் சரி எண்டிட்டார், சிட்னிக்காரன் அவுட்! நீ கேட்ட கேள்விக்குப் பலன் கிடைச்சிட்டுதடா!" என்று வீடு அதிரக் கத்தினேன்.

பிறகு கரகரத்த குரலில் அவன் சொன்னான்:

"அப்ப இண்டைக்கு அங்கிளோட நீ போய்க் கதையடா, எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு."