அடுக்களைக்கு ஒரு மிஸ்டு கால்

வாலு அம்மாவின் சொந்தப் பெயர் எங்கள் தெருவில் கூரியர்க்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவரும் அதைத் தப்பாகத்தான் சொல்வார். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, கடையில் வாங்கிய துணிகளின் தப்புகளைத் திருத்துவது அவர் தொழில். பேன்ட்டுக்குக் கால் மடிப்பார். ஜிப் மாற்றுவார். உடம்பு போட்டவர்களுக்குச் சட்டையின் பக்கத் தையலைப் பிரித்து அகலமாக்கிக் கொடுத்து, "துணிதாங்க சுருங்கிடுச்சு" என்று கூசாமல் ஒரு பொய்யும் சொல்லி அனுப்புவார்.

வாலு அவருடைய ஒரே மகன். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வேறு பெயர் உண்டு. கட்டடத்துச் சொந்தக்காரரான வீட்டுக்காரர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய வழுக்கையில் டெய்லர் சாக்பீஸால் வெட்டுக்கோடு போட்டான் பாருங்கள், அன்றோடு அந்தப் பெயர் காலாவதியாகிவிட்டது. "இது பிள்ளையே இல்ல, வாலு" என்று வீட்டுக்காரம்மா தீர்ப்புச் சொன்னார். அம்மா, வாலு அம்மா ஆனார். அப்பா மட்டும் லிஃப்ட் மெக்கானிக் என்பதால் லிஃப்ட்காரராகவே தப்பித்துக்கொண்டார்.

போன வருஷம் வாலுவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

துக்கம் கேட்டு முடித்த பிறகு தெருவுக்குப் புதிதாக ஒரு சிக்கல். அவரை இனி எப்படிக் கூப்பிடுவது? பழைய பெயர் யாருக்கும் வாயில் வரவில்லை. 'ஏங்க', 'இந்தாங்க', 'வந்து...' என்று ஆளாளுக்கு இழுத்தார்கள். சிலர் மிஷின் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்கள். "இருமலுக்கு எதிர்ல மருந்துக்கடை இருக்கு" என்பார் வாலு அம்மா, தலையைத் தூக்காமல்.

வீட்டுக்காரம்மா ஒரு நாள் துணிந்து, "அக்கா, மோட்டார் போடட்டுமா?" என்றார். அவருக்கு வாலு அம்மாவின் அம்மா வயது.

"யாரு அக்கா?"

"சும்மா, ஒரு மரியாதைக்கு..."

"உங்களுக்கே நான் அக்கான்னா எனக்கு இந்நேரம் பல்லெல்லாம் கொட்டியிருக்கணுமே. எப்பவும் கூப்பிடற மாதிரியே கூப்பிடுங்க."

"அதெப்படிம்மா. நாக்கு வரமாட்டேங்குது."

"வாலுதான் போச்சு. அம்மா இங்கதான உக்காந்திருக்கேன்."

வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே மேலே போய்விட்டார். மோட்டார் போட மறந்துவிட்டார். அன்று கட்டடத்தில் யாரும் குளிக்கவில்லை.

வாலு அம்மா எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். பூவோ, பழமோ, தோளில் ஒரு தட்டலோ இல்லை. எப்போதும் போல, 'வாலு அம்மா, ஜிப் ஆச்சா?' என்று யாராவது அதட்டலாகக் கேட்க வேண்டும். ஊர் அவருக்கு அதைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்தது. பள்ளி திறப்பதற்கு முந்தைய லீவுதான் அவருக்கு சீசன். யூனிஃபார்ம் மூட்டையில் மிஷினே மறைந்துவிடும். இந்த வருஷம் தாய்மார்கள் எல்லோரும் அவர் மனசு கஷ்டப்படுமே என்று சத்தமில்லாமல் அடுத்த தெரு டெய்லரிடம் போய்விட்டார்கள். கருணையால் ஒரு வியாபாரம் படுத்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். வாலு அம்மாவே மாடியேறிப் போய் வீட்டுக்காரம்மாவின் பேரனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன காலர் இது? ஒண்ணு கிழக்கப் பாக்குது, ஒண்ணு மேற்கப் பாக்குது."

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"கஷ்டம் இருக்குதான். அதுக்காக இவன் கோணக் காலரோட ஸ்கூலுக்குப் போகணுமா? கழட்டுடா."

வீட்டிலும் நிலைமை சொல்லும்படி இல்லை. காலையில் ஆரம்பித்து ராத்திரி வரை ஒரு பையனைத் திட்டிப் பழகிய வாய் அவருடையது. பையன் இல்லாவிட்டாலும் வாய் நிற்குமா? மொத்தமும் லிஃப்ட்காரர் தலையில் இறங்கியது. "எழுந்திரு. பல்லு தேச்சியா? இது தேச்ச பல்லா?" என்று படிக்கட்டு வரைக்கும் கேட்கும். அந்த மனிதரும் எதிர்ப்பேச்சுப் பேசாமல் திரும்பப் போய்த் தேய்ப்பார். கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு மாட்டிக்கொள்வார். ஊரையே மேலே ஏற்றி இறக்குகிற ஆள், ஒரு டம்ளர் பாலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் விழித்துக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவரும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். கல்யாணமான புதிதில் 'இங்க பாரு'. பிள்ளை பிறந்தபின் 'வாலு அம்மா'. இடையில் மனைவியின் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இப்போது இரண்டும் போய், ஹாலிலிருந்து அடுக்களைக்கு மிஸ்டு கால் கொடுக்க ஆரம்பித்தார். போன் அடிக்கும், வாலு அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்ப்பார், லிஃப்ட்காரர் காலி டம்ளரைத் தூக்கிக் காட்டுவார்.

"வாய்ல என்ன, பூட்டா?" என்பார் இவர். டம்ளர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறும்.

இந்த நேரத்தில்தான் நாத்தனார் ஒரு சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்தார். லிஃப்ட்காரரின் தங்கை, நல்ல மனசு, அதனாலேயே ஆபத்தானவர். "லீவுல வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்காதீங்க அண்ணி" என்று ஒரு ஏரி ஊருக்கு பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டார். அண்ணி மனம் நோகக்கூடாது என்று தன் இரண்டு பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு, புருஷனோடு வந்தார். இதனால் நடந்தது என்னவென்றால், நாலு பெரியவர்கள் ஒரு வாத்துப் படகில் ஏறி, முழங்கால் தாடையில் இடிக்க, ஒரு வார்த்தை பேசாமல் ஏரியைச் சுற்றி மிதித்தார்கள். "சாவு வீட்லகூட இதைவிட ரெண்டு வார்த்தை அதிகமாப் பேசிக்கிட்டோம் தம்பி" என்றார் வாலு அம்மா.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது, நான் கணுக்காலுக்கு எட்டாத ஒரு பேன்ட்டை இறக்கித் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வாங்கப் போயிருந்தபோது. கை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, வாயும்தான்.

திரும்பும் நாளில் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. வாலு அம்மா பொதுக் கழிப்பறை வரிசையில், கூட்டத்துக்கு நடுவில். டிரைவர் ஹாரன் மேல் கையை வைத்தால் எடுப்பதில்லை. லிஃப்ட்காரர் வழக்கம்போல மிஸ்டு கால் கொடுத்தார். மனைவியின் போன் தங்கையின் பைக்குள்ளேயே அடித்தது. தங்கை ஜன்னல் வழியாக "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் யாருக்காவது அண்ணிதான், ஒருவரும் திரும்பவில்லை.

"நீ கூப்பிடுண்ணே. பேரைச் சொல்லிக் கூப்பிடு. பஸ்ஸு போயிடும்."

லிஃப்ட்காரர் படியில் இறங்கி நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். லிஃப்ட் குழியின் அடியில் இருப்பவனுக்குக் கேட்க வேண்டும் என்று கத்திப் பழகிய தொண்டை. அதிலிருந்து வந்தது ஒரே வார்த்தை.

"வாலு..."

ஏரிக்கரையே திரும்பிவிட்டது. ஐஸ்கிரீமும் கையுமாக இருந்த பிள்ளைகள் செய்த குற்றத்தோடு அப்படியே உறைந்து நின்றார்கள். ஒரு அம்மா தன் பையனின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "என்னங்க பண்ணான் இவன்?" என்றார்.

"உங்களத்தான்னு உடனே தெரிஞ்சுதாக்கா?" என்று கேட்டேன்.

மிஷின் நின்றது. "இல்ல தம்பி. மொதல்ல நானும் அவனத்தான் தேடினேன். தண்ணிப் பக்கம் போயிட்டானோன்னு." நூலைப் பல்லால் கடித்தார். "அப்புறம்தான் இவரு மூஞ்சியப் பார்த்தேன். என்னைத்தான் பாத்துக்கிட்டு நின்னாரு."

பஸ்ஸில் வாலு அம்மா வழி நெடுக அழுதுகொண்டே வந்ததாக நாத்தனார் ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருந்தார். அதையும் கேட்டேன்.

"அழாம? என் முறை வரப் போற நேரத்துல கூப்பிட்டாரு. வரிசைய விட்டுட்டு ஓடி வந்து ஏறினேன். வண்டிய எங்கயுமே நிறுத்தல அந்த டிரைவர் பாவி. அவ்வளவு நேரம் அடக்கிக்கிட்டு வந்து பாரு, நீயும்தான் அழுவ."

பேன்ட்டை உதறி மடிக்க ஆரம்பித்தார். அப்போது அவர்கள் வீட்டுக்குள்ளேயிருந்து லிஃப்ட்காரர் குரல் வந்தது. "வாலு, என் ஸ்பேனரப் பாத்தியா?"

வாலு அம்மாவின் தலை நிமிர்ந்தது. பார்வை முதலில் தெருவாசலுக்குப் போயிற்று, இடுப்பு உயரத்துக்கு. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகுதான் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"நான் என்ன ஸ்பேனர வெச்சா காலர் தெக்கிறேன்? கண்ணத் தொறந்து தேடுய்யா."

பேன்ட்டை என் கையில் கொடுத்தார். "இதுக்கு மேல இறக்கத் துணி இல்ல தம்பி. இத்தோட வளர்றத நிறுத்திக்க."